டைனமோவில் வந்த குரல்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலையைப் பின் ரயரில் சாய்த்து, இரண்டு வயரை றேடியோவில் கொழுவிவிட்டால் வன்னியின் மல்லாவியில் லண்டன் கேட்கும். இலங்கை அரசின் பொருளாதாரத் தடையால் பற்றறி வராத தொண்ணூறுகள். பெடலைக் கையால் சுற்றுவது சிறுவர்களான எங்கள் வேலை. கொஞ்சம் களைத்தால் குரல் அமுங்கும். "டேய், சுத்தடா!" என்பார் அப்பா. பிபிசி தமிழ் அறிவிப்பாளர் ஆனந்தி அக்காவின் குரல் திரும்ப நிமிரும். முற்றத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். எவ்வளவு பொருத்தமான பெயர்! சிற்றலை இரைச்சலுக்குள்ளே முதலில் பிடிபட்டது ஓசைதான், செய்தி பிறகுதான்.

இப்படி ஒரு குரலுக்காகக் காத்திருந்தது நாங்கள் மட்டுமா? அமெரிக்காவின் மிச்சிகனில், பின்லாந்துக் குடியேறிகளுக்காகக் கார்ல் பெலோன்பா ஞாயிறுதோறும் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி 1962 முதல் 2015 வரை ஓடியது. அந்த வீடுகளிலும் இப்படித்தான் காத்திருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. அந்த டைனமோவை இன்னும் வைத்திருக்கிறேன். ரயரில் உரசி உரசி அதன் தலை வழுவழுப்பாகிவிட்டது.