பழைய லேப்டாப்பில் படம் திக்காமல் ஓட ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன்

யூடியூபில் வீடியோ திக்கினால் முதல் பழி நெட்டின் மேல்தான் விழுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், அடுத்த மாதமே அதிக வேக பிளானுக்கு மாறிவிடுவார்கள். அதற்குப் பிறகும் படம் வெட்டி வெட்டித்தான் ஓடும். ஒலி மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும். கவனிக்க வேண்டியது அந்த ஒலியைத்தான். நெட் போதவில்லை என்றால் படமும் ஒலியும் சேர்ந்தே நின்று, நடுவில் வட்டம் சுற்றும். ஒலி தடங்கலில்லாமல் வர, படம் மட்டும் தடுமாறினால் சிக்கல் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்காகவே இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் ‘என்ஹான்ஸ்டு ஹெச்264இஃபை’. இந்த விமர்சனத்துக்காக அது ஃபயர்ஃபாக்ஸில் நிறுவப்பட்டு, இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ3 சிப் கொண்ட 2012ஆம் ஆண்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது 2011இல். அந்தக் காலத்து இயந்திரங்கள் பல வீடுகளில் இன்னும் பாடம் கேட்கவும் படம் பார்க்கவும் பயன்படுகின்றன. அவற்றைத் தூக்கிப்போடச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நியாயம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது பிளெண்டர் அறக்கட்டளையின் ‘பிக் பக் பன்னி’ குறும்படத்தின் 60 ஃப்ரேம் பதிப்பு. ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் திறக்கும். அதில் மூன்று வரிகள் போதும். ‘பஃபர் ஹெல்த்’ இன்னும் எத்தனை விநாடிக்கான வீடியோ கைவசம் இருக்கிறது என்று சொல்லும். ‘ஃப்ரேம்ஸ்’ வரியில் உள்ள ‘டிராப்டு’ எண், எத்தனை ஃப்ரேம்கள் திரைக்கு வராமலே கைவிடப்பட்டன என்று சொல்லும். ‘கோடெக்ஸ்’ வீடியோ எந்த வடிவில் சுருக்கப்பட்டு வந்திருக்கிறது என்று காட்டும். 1080பி தரத்தில் பஃபர் நிறைய இருந்தது. கைவிடப்பட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கையோ நிற்காமல் ஏறியது. கோடெக் வரியில் இருந்தது ‘விபி09’. நெட்டுக்கு இதில் பங்கே இல்லை.

விபி9 கூகுள் 2013இல் வெளியிட்ட சுருக்கமுறை. 2003இல் வந்த ஹெச்.264ஐவிட அதே தரத்துக்குக் குறைந்த டேட்டாவே போதும். ஆனால் சுருக்கியதை விரிக்கக் கணக்கு அதிகம். புதிய சிப்களில் அதற்கென்றே தனிச் சுற்று உண்டு. இன்டெல்லில் அது முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில்தான். மூன்றாம் தலைமுறைச் சிப்புக்கு வன்பொருளில் விரிக்கத் தெரிந்தது ஹெச்.264. விபி9 வந்தால் சுமை முழுவதும் சிபியூவின் தலையில் இறங்கும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் முடியாதது கைவிடப்படுகிறது.

எக்ஸ்டென்ஷன் செய்வது மிக எளிய காரியம். எந்தெந்த வடிவங்களை ஓட்ட முடியும் என்று யூடியூப் பிரவுசரிடம் கேட்கும்போது, விபி9க்கும், ஏவி1 என்ற இன்னொரு சிக்கனச் சுருக்கமுறைக்கும் ‘முடியாது’ என்று பதில் போக வைக்கிறது. யூடியூப் வேறு வழியின்றி ஹெச்.264ஐ அனுப்புகிறது. பக்கத்தை ரீலோடு செய்ததும் கோடெக் வரி ‘ஏவிசி1’, அதாவது ஹெச்.264, என்று மாறியது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ கோடு சரிந்தது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, விசிறியின் இரைச்சலும் அடங்கியது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒரு கணினியில் பைசா செலவில்லாமல் இது நடப்பதைப் பார்க்க உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. யூடியூப் வழக்கமான வீடியோக்களை ஹெச்.264இல் 1080பி வரைதான் தருகிறது. 1440பி, 4கே தரங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பழைய லேப்டாப் திரைக்கு அது இழப்பே அல்ல. டேட்டா செலவு கூடுவதுதான் உறுத்தும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் ஏவி1ஐத் தடுக்காமல் விட்டு, தரத்தை 360பி அல்லது 480பிக்கு இறக்கிக்கொள்ளலாம். அந்த அளவில் வீடியோலேன் குழுவினர் எழுதிய ‘டேவிட்’ என்ற டீகோடர், சிபியூவை மட்டும் வைத்தே ஏவி1ஐத் திறமையாக விரித்துவிடும். 480பிக்கு இறக்கினால் 60 ஃப்ரேம் 30 ஆகிவிடுவதும் கூடுதல் நிம்மதி. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தடுக்கலாம் என்பதுதான் மூல ‘ஹெச்264இஃபை’யைவிட இதைச் சிறந்ததாக்குகிறது.

பிரவுசரில் வன்பொருள் முடுக்கம் அணைந்து கிடந்தால் இந்த எக்ஸ்டென்ஷனால் பெரிய பயன் இல்லை. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போய் ‘கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன்’ இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் அது பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திக்குகிற லேப்டாப் என்றால் கதை வேறு: உள்ளே தூசி அடைத்து, சூட்டில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சர்வீஸ் கடையில் விசிறியைச் சுத்தம் செய்துவிட்டு வருவதுதான் அதற்கு வழி.

இன்டெல் ஏழு முதல் பத்தாம் தலைமுறை வரை வைத்திருப்பவர்களுக்கு இந்த எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. அவற்றுக்கு விபி9 வன்பொருளிலேயே உண்டு, ஏவி1 மட்டும் இல்லை. யூடியூப் கணக்கின் ‘பிளேபேக் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ஏவி1ஐ எஸ்டி தரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேற்பட்ட தரங்களுக்கு விபி9 வந்துவிடும்.