கோல்கியில் நகர்வது எது?

ரைபோசோமில் உருவாகும் புரதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற முகவரி, அதன் அமினோ அமில வரிசையிலேயே எழுதியிருக்கிறது. 1970-களில் இதைக் காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லை விட்டு வெளியேறவோ லைசோசோமுக்குப் போகவோ வேண்டிய புரதம் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நுழைந்து மடிகிறது. பிறகு கோல்கி உறுப்புக்குச் செல்கிறது. அங்கே அதன் சர்க்கரைக் கிளைகள் திருத்தப்பட்டு, லைசோசோமுக்கோ செல்லின் மேற்பரப்புக்கோ தரம் பிரித்து அனுப்பப்படுகிறது. இவ்வளவையும் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். கோல்கிக்குள் நுழைந்த புரதம் அதன் மறுமுனைக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் அரை நூற்றாண்டாக வழக்கு ஓய்ந்தபாடில்லை.

விலங்குச் செல்லின் கோல்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டைப்பைகளின் தொகுதி. ஓர் அடுக்கில் பொதுவாக நான்கு முதல் எட்டுப் பைகள் இருக்கும். நுழைவு முகத்துப் பையில் ஒரு வகை நொதிகள், நடுவில் வேறு வகை, வெளியேறும் முகத்தில் இன்னொரு வகை. அடுக்கைச் சுற்றி ஏராளமான நுண்பைகள் மிதக்கின்றன. பைகள் நிலையானவை, நுண்பைகளே சரக்கை ஒரு பையிலிருந்து அடுத்த பைக்குச் சுமக்கின்றன என்பது ஒரு கொள்கை. அதற்கு எதிரான கொள்கையின்படி சரக்கு இருந்த பையிலேயே இருக்கிறது; பைதான் நுழைவு முகத்தில் புதிதாக உருவாகி, நொதிகளை மாற்றிக்கொண்டு முதிர்ந்து, வெளியேறும் முகத்தில் சிதறிப் போகிறது. நுண்பைகள் பழைய நொதிகளைப் பின்னால் வரும் இளம் பைக்குத் திருப்பிக் கொண்டுபோகின்றன.

ஒரு பள்ளியை வைத்துச் சொன்னால், ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஏழாம் வகுப்பு அறைக்கு மாறுவது ஒரு வழி. பிள்ளைகள் அதே அறையில் இருக்க, கதவுப் பலகையை மாற்றிவிட்டு, ஆறாம் வகுப்பு ஆசிரியர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விட, ஏழாம் வகுப்பு ஆசிரியர் உள்ளே வருவது இன்னொரு வழி. ஆண்டு முடிவில் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கோல்கி வழக்கில் வந்த சான்றுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மதிப்பெண் பட்டியல்கள்தான். எனவே ஒவ்வொரு சான்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதிர்க் கொள்கை உண்மையாக இருந்திருந்தால் இந்த முடிவு வேறாக வந்திருக்குமா?

ஜேமிசனும் பலாடேயும் 1967-இல் வெளியிட்ட கினிப் பன்றிக் கணையச் சோதனை இத்துறையின் அடித்தளம். கணையத் துண்டுகளுக்கு லியூசின் என்ற அமினோ அமிலத்தின் கதிரியக்க வடிவை மூன்று நிமிடம் கொடுத்து, பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றி, கதிரியக்கம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். முதலில் வலைப்பின்னல், சில நிமிடங்களில் கோல்கியின் ஓரத்து நுண்பைகள், அரை மணி கடந்ததும் செறிவுக் குமிழ்கள், இரண்டு மணியை நெருங்கும்போது செரிமான நொதித் துகள்கள். பயணத்தின் வரிசையை இதைவிடத் தெளிவாக யாரும் நிறுவியதில்லை. 1974-இன் நோபல் பரிசில் பலாடேக்குப் பங்கு கிடைத்ததும் நியாயமே. ஆனால் நம் கேள்விக்கு இந்தச் சோதனை வாய் திறக்காது. பை நகர்ந்தாலும் சரக்கு நகர்ந்தாலும் கதிரியக்கம் இதே வரிசையில்தான் நகர்ந்திருக்கும்.

முதிர்வுக் கொள்கையே மூத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1957-இலேயே பிரெஞ்சு விலங்கியலாளர் கிராஸே அதை முன்வைத்தார். 1960-களின் இறுதியில் மால்கம் பிரவுன் பிளூரோகிரைசிஸ் என்ற பாசியை ஆராய்ந்தார். இந்தப் பாசி தன் உடல்மேல் போர்த்திக்கொள்ளும் செல்லுலோஸ் செதில்களைக் கோல்கியில்தான் செய்கிறது. ஒரு செதில் ஒரு தட்டைப்பையையே நிறைத்துவிடும் அளவு பெரிது. அதைச் சுமக்கக்கூடிய நுண்பை செல்லில் இல்லை. நுழைவு முகத்தில் அரைகுறைச் செதில், வெளி முகத்தில் முழுச் செதில் என்று மின்னணு நுண்ணோக்கி காட்டியது. இதற்குப் பை நகர்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. ஆனாலும் பாசி ஒரு விசித்திர உயிரி, பொது விதிக்கு அது சாட்சியாகாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒதுக்கியதற்குக் காரணமும் இருந்தது: ராத்மன் என்ற ஆய்வாளரின் சோதனைக்குழாய். 1980-களில் அவர் குழு செய்த சோதனை அறிவியலின் அழகான சோதனைகளில் ஒன்று. சீன வெள்ளெலிச் செல்வகை ஒன்றில் என்-அசிட்டைல்குளுக்கோசமீன் என்ற சர்க்கரையைச் சேர்க்கும் நொதி கிடையாது. அந்தச் செல்லை ஒரு வைரசால் தொற்றவைத்து, வைரசின் ஜி புரதம் நிறைந்த கோல்கியைப் பிரித்தெடுத்தார்கள். இது கொடுக்கும் தரப்பு. தொற்றில்லாத இயல்பான செல்லின் கோல்கி, அதாவது நொதி இருந்தும் ஜி புரதம் இல்லாதது, வாங்கும் தரப்பு. இரண்டையும் ஆற்றல் மூலத்தோடு கலந்து, கதிரியக்கச் சர்க்கரையைச் சேர்த்தால், ஜி புரதத்தில் அந்தச் சர்க்கரை ஏறுகிறது. ஆகவே ஜி புரதம் நுண்பையில் ஏறி ஒரு கோல்கியிலிருந்து மற்றதற்குப் போயிருக்கிறது என்றார்கள். இந்தச் சோதனையை அளவுகோலாக வைத்துத்தான் சவ்வுகளை இணைக்கும் என்.எஸ்.எஃப். புரதமும், ஸ்னேர் புரதங்களும், கோப்-1 உறை போர்த்திய நுண்பைகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

மீண்டும் வாசித்துப் பாருங்கள். ஜி புரதமும் நொதியும் சந்தித்தன என்பதுதான் இந்தச் சோதனை தரும் செய்தி. யார் யாரைத் தேடிப் போனார் என்பது அதில் இல்லை. நொதியே நுண்பையில் ஏறி, வாங்கும் தரப்பிலிருந்து கொடுக்கும் தரப்புக்கு வந்திருந்தாலும் சர்க்கரை அதே போல ஏறியிருக்கும். 1998-இல் செல்களிலிருந்து பிரித்தெடுத்த கோல்கி நுண்பைகளைச் சோதித்தபோது அவற்றில் கோல்கி நொதிகள் இருந்தன. வெளியேறும் சரக்கோ குறைவாக இருந்தது. அந்த நுண்பைகள் கோல்கியோடு இணைந்து, புதிதாக வந்த சரக்கைப் பதப்படுத்தவும் செய்தன. பதினைந்து ஆண்டுகள் முன்னோக்கிய போக்குவரத்தின் அளவீடாகக் கருதப்பட்டது, பின்னோக்கிய போக்குவரத்தின் அளவீடாகவும் இருக்கலாம் என்று தெரியவந்தது. கண்டுபிடித்த புரதங்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. எந்தத் திசையில் போனாலும் நுண்பைக்கு உறையும் வேண்டும், இணைப்புக் கருவியும் வேண்டும். போனது திசை பற்றிய முடிவு மட்டுமே.

கோப்-1 நுண்பைக்குள் என்ன இருக்கிறது என்று நேரடியாகப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்த்தார்கள், முரண்பட்டார்கள். 1997-இல் ஓர்சியும் ராத்மனும் அடங்கிய குழு, நுண்பைகளில் முன்னே போகும் சரக்கு இருப்பதாக அறிவித்தது. 2001-இல் வேறொரு குழு, நொதிகள் செறிந்திருப்பதாகவும் சரக்கு குறைவாக இருப்பதாகவும் கண்டது. 2006-இல் வந்த விரிவான புரதக் கணக்கெடுப்பு இரண்டாவது முடிவின் பக்கம் சாய்ந்தது. நுண்ணோக்கியில் புரதங்களுக்கு அடையாளமாக ஒட்டவைத்த தங்கத் துகள்களை எண்ணும் வேலையில் எந்தக் குமிழியை நுண்பை என்று கொள்வது என்பதே எண்ணுபவர் கையில் இருப்பதால், இந்தச் சான்றுகளுக்கு நான் நடுத்தர எடைதான் தருவேன்.

கனமான சான்று 1998-இல் இத்தாலியில் லுயினியின் குழுவிடமிருந்து வந்தது. கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜன் மடிந்து முடிந்ததும் 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைத்த கம்பி. கோப்-1 நுண்பையின் விட்டமோ 50 முதல் 100 நானோமீட்டர்தான். மடிய வேண்டுமானால் அதன் புரோலின்களில் ஹைட்ராக்சில் ஏற வேண்டும். (அதற்கு வைட்டமின் சி தேவை. ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதன் வேர் இங்கேதான்.) ஹைட்ராக்சில் ஏறுவதை மருந்தால் நிறுத்தி, புரோகொலாஜனை வலைப்பின்னலிலேயே தேக்கி, பிறகு மருந்தைக் கழுவிவிட்டால் சரக்கு ஓர் அலையாகக் கோல்கிக்குள் நுழைகிறது. அந்த அலை நுழைவு முகத்திலிருந்து வெளி முகம் வரை போனபோது, புரோகொலாஜன் தட்டைப்பையை விட்டு ஒரு கட்டத்திலும் வெளியேறவில்லை. பாசி விசித்திர உயிரி என்ற சமாதானம் இங்கே செல்லாது, ஏனென்றால் பாலூட்டியின் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதமே கொலாஜன்தான். பெரிய சரக்குக்குத் தனி வழி இருக்கலாமே என்ற அடுத்த சமாதானத்தையும் 2001-இல் அதே குழு எதிர்கொண்டது. சிறிய ஜி புரதமும் பெரிய புரோகொலாஜனும் ஒரே வேகத்தில், ஒரே விதமாக நகர்ந்தன.

இருந்தாலும் இவையெல்லாம் உறைந்த படங்களிலிருந்து ஊகித்தவை. நேரில் கண்ட சாட்சி 2006-இல் வந்தது. சிகாகோவில் கிளிக்கின் குழுவும் ஜப்பானில் நகானோவின் குழுவும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே சோதனையைச் செய்து, ஒரே ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்டன. ரொட்டி ஈஸ்டின் கோல்கிப் பைகள் அடுக்காக இராமல் செல்லுக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பையை மட்டும் தனியே பின்தொடர முடியும். தொடக்கநிலைப் புரதத்துக்குப் பச்சை ஒளியும் இறுதிநிலைப் புரதத்துக்குச் சிவப்பு ஒளியும் பொருத்திப் பார்த்தார்கள். பைகள் நிலையானவை என்றால் பச்சைப் பை பச்சையாகவே இருக்க வேண்டும். அது சில நிமிடங்களில் சிவப்பானது. கோப்-1 பழுதான ஈஸ்டில் இந்த நிறமாற்றம் மெதுவானது. நொதிகளைத் திருப்பி அனுப்புவது கோப்-1 நுண்பைதான் என்றால் இப்படித்தான் ஆக வேண்டும். 2019-இல் இரு குழுக்களும் சரக்கையே ஒளிரவைத்துப் பார்த்தன. பை முதிரும்போது சரக்கு அதற்குள்ளேயே இருந்தது. நான் மேலே கேட்ட கேள்வியில் தேறும் சான்று இது. எதிர்க் கொள்கை உண்மையாக இருந்திருந்தால் முடிவு கட்டாயம் வேறாகத்தான் வந்திருக்கும்.

இனி எதிர்த்தரப்பு. முதலில், அடுக்கில்லாத ஈஸ்ட் கோல்கியை வைத்து நம் செல்லின் அடுக்குக் கோல்கியைத் தீர்மானிக்கலாமா என்பது. நியாயமான ஐயம். ஆனால் இதைச் சொல்பவர்கள் புரோகொலாஜனுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஈஸ்டை மட்டும் தள்ளிவைத்தால் வழக்கு வென்றதாகாது.

2013-இல் ராத்மனின் குழு செய்தது சாதுரியமானது. சவ்வில் பதிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புரதங்களைக் கொண்டு தட்டைப்பையின் இரு சுவர்களையும் உள்ளிருந்து தைத்தார்கள். தைத்த பை பல மணி நேரம் ஆகியும் நுழைவு முகத்திலேயே நின்றது. கரைந்த நிலையில் இருந்த பெரிய திரள்களோ கடந்து போயின. பையின் நடுப்பகுதி நிலையானது, விளிம்பு மட்டும் நகர்கிறது என்று முடிவு கட்டினார்கள். எனக்கு இது அரைச் சான்றாகவே தெரிகிறது. தைத்த பை நகரவில்லை என்பதிலிருந்து தைக்காத பையும் நகராது என்று எப்படிச் சொல்வது? தையலே அதைக் கட்டிப்போட்டிருக்கலாம். மேலும், விளிம்பு சரக்கோடு சேர்ந்து நகர்கிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, சிறிய நுண்பைகளே சரக்கைச் சுமக்கின்றன என்ற பழைய கொள்கை பாதி கைவிடப்பட்டாயிற்று.

கூர்மையான அம்பு 2008-இல் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் குழு எய்தது. முதிர்வுதான் ஒரே வழி என்றால் இப்போது நுழைந்த சரக்கு முழு அடுக்கையும் கடந்தே வெளியேற வேண்டும். அதற்குள் ஒரு தாமதம் தெரிய வேண்டும். பாலூட்டிச் செல்லில் அளந்தபோது தாமதமே இல்லை. நுழைந்த கணத்திலிருந்தே சரக்கு ஒரு மாறா விகிதத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. பைகளுக்கு இடையே குழாய் இணைப்புகள் இருந்தால் சரக்கின் ஒரு பகுதி குறுக்கே ஓடிவிடும் என்பது முதிர்வுத் தரப்பின் பதில். 2014-இல் ஆல்புமின் போன்ற சிறிய கரைபுரதங்கள் அப்படிப்பட்ட இணைப்புகள் வழியே விரவிச் செல்வதாகக் காட்டப்பட்டதும் உண்மை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன மறுகணமே, முதிர்வு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொண்டதாகிறது.

இந்த இடத்தில் நடுவர்கள் பலரும் இரண்டு கொள்கையும் ஓரளவு சரி என்று எழுதி எழுந்துவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. நுண்பைகள் சரக்கைப் பையிலிருந்து பைக்கு முன்னோக்கிச் சுமக்கின்றன என்பதற்கு, முதிர்வுக் கொள்கையால் விளக்க முடியாத ஒரு சான்றுகூட மேலே வந்தவற்றில் இல்லை. முதிர்வை விட்டால் விளக்கமே இல்லாத சான்றுகளோ பாசிச் செதில், புரோகொலாஜன், நிறம் மாறிய ஈஸ்ட் என்று மூன்று இருக்கின்றன. தாமதமின்மை முதிர்வுக் கொள்கையின் குறையைக் காட்டுகிறது. நுண்பைக் கொள்கையின் நிறைவைக் காட்டவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பையாகக் கடக்கும் பயணத்திலும் தாமதம் வந்தாக வேண்டும். 2013-இல் ராத்மனும் ஷெக்மனும் சூட்ஹோஃபும் பெற்ற நோபல் பரிசைக் காட்டி வாதாடுவதும் பொருந்தாது. நுண்பைப் போக்குவரத்தின் கருவிகளைக் கண்டறிந்ததற்காக அது வழங்கப்பட்டது. அந்தக் கருவிகள் வலைப்பின்னலிலிருந்து கோல்கிக்கும், கோல்கியிலிருந்து மேற்பரப்புக்கும், நரம்பு முனையிலும் ஐயமின்றி வேலை செய்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு: கோல்கியின் அடிப்படை ஓட்டம் பையின் முதிர்வு. பாலூட்டியின் சிறிய புரதங்களுக்கு அதன்மேல் குழாய்வழிக் குறுக்குப் பாதைகளும் உண்டு. பாடநூல் எழுதுபவர்களே, வகுப்பில் படம் வரைபவர்களே, கோல்கி அடுக்கின் ஓரத்து நுண்பைகளுக்கு முன்னோக்கி அம்பு போடுவதை நிறுத்துங்கள். அந்த அம்பைப் பின்னோக்கித் திருப்பி, அதன் அருகே நொதி என்று எழுதுங்கள்.