வாசகர் கருத்தும் நூல் மதிப்பீடும்

புலவர் கூறுவது மதிப்பீடு, வாசகர் கூறுவது விருப்பு வெறுப்பு எனப் பிரித்துவிடுதல் எளிது. அப்பிரிவு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை மூன்று நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். ஒன்று வரலாற்றுப் புதினம், மற்றொன்று தன்வரலாறு, மூன்றாவது சமூகப் புதினம். மூன்றும் தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் படித்தவை. மூன்றைப் பற்றியும் படித்தோர் பலவாறு கருத்துரைத்துள்ளனர்.

1. மரபு கூறுவது

நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நெறிகளை நன்னூல் எழுவகை மதம் என வகுத்துரைக்கிறது. உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர் விலக்குதல், தானே ஒன்றனை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டவழி ஒன்றனைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறிதொடு படாது தன் கருத்தே கொள்ளுதல் என்பன அவை. இவை நூல் செய்வார்க்குக் கூறப்பட்டனவாயினும் நூல் கற்பார்க்கும் பொருந்துவனவே. இன்று வாசகர் கூறுவனவற்றுட் பெரும்பாலன முதலிரண்டனுள் அடங்கிவிடுகின்றன: நன்று என்பர், அன்றேல் தீது என்பர். மாறுபட்ட இரு கருத்துகளை எடைபோட்டு ஒன்றனைத் துணிதல் அரிதாகவே காணப்படுகிறது.

பழைய உரையாசிரியர்கள் அதனைச் செய்தனர். 'என்பாரும் உளர்' எனப் பிறர் கொண்ட பொருளைக் குறித்துப் பல இடங்களில் அது பொருந்தாமைக்குக் காரணமும் காட்டினர். இங்ஙனம் குறிக்கப்பட்டோர் பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்தம் கருத்து எஞ்சியிருப்பது, அதனை மறுத்தவரே எழுதி வைத்தமையால் என்க. ஆகவே, வாசகர் கருத்தைப் பொருட்படுத்துதல் நம் மரபுக்குப் புதியதன்று.

2. புதினத்தை வரலாறாகப் படித்தல்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. கதை திடீரென முடிந்துவிட்டது என்று வாசகர் குறைப்பட்டனர். கல்கி முடிவுரை ஒன்று எழுதி அவர்க்கு விடை கூறினார். கதைமாந்தர்க்குப் பின்னர் நேர்ந்தன சிலவற்றைச் சுருக்கியும் தந்தார். வாசகர் கருத்து நூலின் உறுப்பாகவே அமைந்துவிட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

அன்று முதல் இன்றுவரை வாசகர் விடாது கேட்கும் வினா, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இக்கதை இரு பகுதிகளாகத் திரைப்படமாய் வந்தபோதும் அவ்வினாவே எழுந்தது. உற்று நோக்கின் இஃது ஒரு வினா அன்று, இரண்டு. உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடையோராக இரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரைப் பெயர் சுட்டி, அவர்தம் நிலங்களைப் பற்றிய ஆணையைக் கூறுகிறது. உத்தம சோழனுக்கு இதில் பங்குண்டோ என்று ஐயுற்றார் நீலகண்ட சாத்திரியார். அதனை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். இது வரலாற்று வினா. இதற்குச் சான்று வேண்டும். நந்தினியோ கல்கியின் படைப்பு. அவள் முன்னிலையில் நிகழ்வதாகக் கூறப்படும் கொலையை ஆசிரியர் ஏன் ஐயத்திற்கு இடமாகவே விட்டார் என்பது கதை பற்றிய வினா. இதற்குக் கல்வெட்டு விடை தாராது. 'ஆசிரியர் மறைத்துவிட்டார்' எனக் குறை கூறுவோர் முன்னதன் விடையைப் பின்னதனிடம் கேட்கின்றனர்.

உலகியல் வழக்கு, நாடக வழக்கு எனத் தொல்காப்பியர் வேறுபடுத்தியதும், இரண்டும் கலந்த புலனெறி வழக்கம் ஒன்று உண்டு என்றதும் ஈண்டு நினைக்கத்தக்கன. வரலாற்றுப் புதினம் கலப்பால் ஆயது. எவ்விடத்து எது நிற்கிறது எனக் காணும் வாசகரே அதனை முழுதும் துய்ப்பவர் ஆவர்.

3. தன்வரலாற்றைக் கதையாகப் படித்தல்

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, 1950 இல் நூலாயிற்று. ஆசிரியர் மறைவால் அது முற்றுப்பெறவில்லை. இந்நூலைப் 'புதினம் போல் சுவையாக உள்ளது' என்று பாராட்டுவோர் பலர். பாராட்டு உண்மையே, ஆயினும் போதாது. சுவை ஒன்றே கருதிப் படிப்பவர்க்கு அந்நூலின் தலையாய நிகழ்ச்சி ஓர் உரையாடலாகத் தோன்றிக் கடந்துவிடும்.

21.10.1880 அன்று ஐயர் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றால் நிறைவுறாது, சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். முதலியார் முன்சீப், தமிழாசிரியர் அல்லர். நம் சொல்லில் கூறின் அவர் ஒரு வாசகர். ஆயினும் அவர் கருத்து, 'உமது கல்வி குறையுடையது' என்னும் அளவில் நிற்கவில்லை. இன்ன நூல் விடுபட்டது எனச் சுட்டியது. படிக்கச் சுவடியும் தந்தது. ஐயர் குடந்தையில் சமணரை நாடி அந்நூற் பொருள் கேட்டறிந்ததும், 1887 இல் சிந்தாமணி அச்சேறியதும் அதன் விளைவுகள். புலமை மிக்கார் பலர் எழுப்பாத வினாவை வாசகர் ஒருவர் எழுப்பினார் என்பது, வாசகர் கருத்தை இகழ்வார் மறவாது நினைத்தற்குரியது.

4. புதினத்தை அறிவுரையாகப் படித்தல்

மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961 இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அவர் புதினங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டியாகக் கொண்ட வாசகர் மிகப் பலர். அறிவுரை மிகுந்து கதை மெலிந்தது என்று குறை கூறிய திறனாய்வாளரும் உளர். இவ்விரு கருத்தும் ஒரே இயல்பினையே இரு பெயரிட்டு அழைக்கின்றன. துணிதற்கு நூலினுள் புகுதல் வேண்டும். கதை கூறுபவன் வேலய்யன். அறிவாற்றல் மிக்க சந்திரன் கெடுவதை அவனே நமக்குக் காட்டுகிறான். அறிவுரை அவனுடைய இயல்போடு ஒட்டி வருமிடத்து அது கதையின் பகுதி. அவனை மீறி ஆசிரியர் குரலாய் ஒலிக்குமிடத்து அது குறை. ஆகவே, இரு சாராரும் ஓரளவு சரியே; எந்த இடத்தில் என்று சொல்லாமையே இருவர்க்கும் பொதுவான குறைபாடு.

5. முடிபு

மேற்கூறியவற்றால், வாசகர் கருத்து திறனாய்வாக உயர மூன்று வேண்டும் என்பது பெறப்படும். நூலின் இடத்தைச் சுட்டல் வேண்டும். அந்நூல் வகைக்குரிய வினாவைக் கேட்டல் வேண்டும். மாறுபட்ட கருத்தை எதிர்கொள்ளல் வேண்டும். இம்மூன்றும் உள்வழிக் கூறியவர் பட்டம் பெற்றவரா என ஆராய்தல் வேண்டா. இவை இல்வழிப் பேராசிரியர் கூற்றும் வெறும் விருப்பே.

முதுகலை மாணவர் கருதத்தக்கது ஒன்று உண்டு. வார இதழ்த் தொடர்களைக் கிழித்தெடுத்துக் கட்டடம் செய்து பேணிய குடும்பங்கள் நம் நாட்டில் பல. அவர்கள் கதைப் பக்கங்களைக் காத்தனர்; வாசகர் கடிதம் அச்சாகிய பக்கங்கள் பழந்தாளாய்ப் போயின. ஆகவே, ஒரு நூல் வெளிவந்த காலத்தில் மக்கள் அதனை எவ்வாறு படித்தனர் என்பதற்குரிய முதன்மைச் சான்று, முழு இதழ்கள் எஞ்சியுள்ள நூலகங்களிலேயே கிடைக்கும். தாள் நொறுங்குமுன் அவற்றைத் தொகுத்தல் வேண்டும். 'என்பாரும் உளர்' என்று எழுதுதற்கு, என்றவர் யார், என்ன கூறினார் என்பது முதற்கண் நமக்குத் தெரிதல் வேண்டுமன்றோ?