தாய்வழி மரபு: டக்ளஸ் எழுதிய மூன்று சரித்திரங்கள்

ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் அவர் பிறந்த ஊரையும், பெற்றோரையும், பிறந்த ஆண்டையும் கூறிப் பின்னரே மேற்செல்வது வழக்கம். தமிழராகிய நாமோ தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன் இட்டுக்கொண்டே உலகில் நடமாடுகிறோம். தந்தை இன்னாரென்றும், பிறந்த நாள் இன்னதென்றும் கூற இயலாத ஒருவர் தம் சரித்திரத்தை எழுதத் துணிந்தார். ஒருமுறையன்று, மும்முறை எழுதினார். அவரே அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைசிறந்த நாவலரான பிரடெரிக் டக்ளஸ். 1845, 1855, 1881 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அம்மூன்று நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பிறப்பு ஒன்றே, பெற்றோரும் மாறவில்லை, அவ்வாறிருக்க, அவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் நூலுக்கு நூல் வேறுபடுவானேன்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேரிலாந்து மாகாணத்தின் டால்பட் வட்டத்தில், டக்கஹோ ஆற்றங்கரைப் பகுதியில் அவர் பிறந்தார். தாய் ஹாரியட் பெய்லி. பாட்டி பெட்ஸி பெய்லி. 1838 செப்டம்பர் 3ஆம் நாள் பால்டிமோர் நகரினின்று தப்பியோடியவர், பிடிபடாதிருக்கும் பொருட்டுப் பெய்லி என்ற குடிப்பெயரை விடுத்து, டக்ளஸ் என்னும் பெயரைப் பூண்டார். அப்பெயர் வால்டர் ஸ்காட்டின் காவியமொன்றிலிருந்து நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்தது.

முதல் நூலில் அவர் தம் தந்தை ஒரு வெள்ளையர் என்று தெளிவாகவே கூறுகின்றார். முதலாளியே தந்தையென ஊரார் முணுமுணுத்ததையும் மறைத்தாரில்லை. ஆயின் தாயைக் குறித்து அவர் சொல்வது மிகச் சிறிது. குழவிப் பருவத்திலேயே தாயினின்று பிரிக்கப்பட்டதும், நாள் முழுதும் வயலில் உழைத்தபின் அவள் இரவில் நெடுந்தொலைவு நடந்து வந்து, மகனருகே படுத்து, விடியுமுன் மறைந்ததும், அவ்வாறு அவளைக் கண்டது நான்கைந்து முறையே என்பதும் அங்குள்ள செய்திகள். ஏழு வயதளவில் அவள் இறந்த செய்தி, ஓர் அயலாரின் மரணம் போலவே தம்மைத் தொட்டதென்கிறார். இது கல்நெஞ்சன்று. தாயன்பு வேர்கொள்ளவும் இடந்தராத ஒரு முறைமையின் மீது அவர் சுமத்தும் குற்றச்சாட்டு இதுவேயாம்.

பத்தாண்டு கழித்து எழுதிய இரண்டாம் நூலில் தந்தை இருளுக்குள் செல்கின்றார். அடிமைமுறை தந்தையையே குடும்பத்தினின்று அகற்றிவிடுகிறது என்ற கருத்தோடு அப்பேச்சு முடிகிறது. தாயோ ஒளி பெறுகின்றாள். சமையற்காரி உணவு மறுத்த ஓர் இரவில் வந்து, அவளைக் கடிந்து, பசித்த மகனுக்கு இஞ்சிக் கேக் ஒன்று கொடுத்து மடியில் இருத்திக்கொண்ட அத்தாயை நாம் இங்கேதான் காண்கிறோம். அவளுக்குப் படமில்லை. மனித இனங்களைப் பற்றிப் பிரிச்சார்ட் எழுதிய நூலிலுள்ள பண்டை எகிப்திய மன்னனின் உருவத்தில் அவள் முகச்சாயலைக் கண்டு, அதை அவர் அடிக்கடி திறந்து பார்ப்பாராம். அன்றியும், டக்கஹோப் பகுதி அடிமைகளுள் எழுத்தறிந்தவள் அவள் ஒருத்தியே என்பதைப் பின்னர் அறிந்ததாகவும், தம் கல்விப் பற்று தந்தையின் வெள்ளை இரத்தத்தால் வந்ததன்று, அத்தாயின் அறிவால் வந்ததே என்றும் கூறுகின்றார்.

மூன்றாம் நூலிலோ தந்தையைப் பற்றித் தாம் ஒன்றும் அறியாரென ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

இது முன்னுக்குப்பின் முரண் அன்றோ எனச் சிலர் கேட்கலாம். தாய் எழுத்தறிந்தவள் என்பதற்கு அவர் சொல்லையன்றிச் சான்றில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அவர் எழுதிய காலத்தை நோக்குதல் வேண்டும். கறுப்பர் ஒருவரிடம் நாவன்மையும் கல்வியும் காணப்படின், அஃது அவரிடம் கலந்த வெள்ளை இரத்தத்தின் பயனே எனப் படித்தவர்களும் பேசிய காலம் அது. அந்நிலையில் தந்தையைப் பெரிதாக்குதல் அப்பழியை ஒப்புவதாகும். ஆதலின் டக்ளஸ் செய்தது தம் பிறப்பை மாற்றுதலன்று. தமக்குரிய மரபு எதுவென்று தீர்ப்புக் கூறுதலாகும்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்பது 1662ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம். முதலாளி தான் பெற்ற பிள்ளையையும் தன் உடைமையாக்கிக்கொள்ள அவ்விதி வழிசெய்தது. டக்ளஸின் முதல் எஜமானரான ஏரன் அந்தோணியின் கணக்கேட்டில், 1818 பிப்ரவரியில் பிறந்த ஹாரியட்டின் மகன் என்றே அவர் பதியப்பட்டுள்ளார். டிக்ஸன் பிரெஸ்டன் என்னும் ஆராய்ச்சியாளர் 1980இல் வெளியிட்ட நூலால் இச்செய்தி உலகறிந்தது. விலைப்பொருளை எண்ணுதற்கு எழுதிய அத்தாய்வழியையே டக்ளஸ் தம் அறிவின் வழியாக உயர்த்திக் காட்டினார். அடிமைச் சட்டத்துக்கு இதனினும் கூரிய மறுமொழி வேறு யாது?

பிறந்த நாளறியாத துயரம் அவரை முதுமையிலும் விட்டதில்லை. 1877இல், மரணப் படுக்கையிலிருந்த பழைய எஜமானர் தாமஸ் ஆல்டைக் கண்டபோதும் தம் வயதையே வினவினார். பாட்டியை ஆல்ட் கைவிட்டதாகத் தாம் முன்பு எழுதியது பிழையென அவரிடமே ஒப்பி, அதனை மூன்றாம் நூலிலும் அச்சிட்டார். தம்மை அடிமையாக வைத்திருந்தவனுக்கும் நீதி தவறலாகாது என்னும் இந்நேர்மையே, ஏனைய இடங்களில் அவர் சொல்லை நாம் நம்பத் தூண்டுகிறது.

குறையொன்றும் உண்டு. தாயையும் பாட்டியையும் இத்துணைப் பரிவோடு தீட்டிய அவர், தம் மனைவி அன்னா மரேக்குச் சில வரிகளே அளித்தார். அவ்வம்மையார் அடிமையல்லாத கறுப்பர். பால்டிமோரில் வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தால் அவர் தப்பியோட உதவியவர். 1882இல் இறக்குமளவும் 44 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர். முன்னோர் வழியை மீட்டெடுத்தவர், தாம் அமைத்த குடும்பத்தைத் திரைக்குப் பின்னே நிறுத்தியதை நாம் சுட்டாமல் விடுதல் விமர்சனமாகாது.

மூன்றனுள் ஒன்றே படிக்க நேரமுடையோர், சுருங்கிய முதல் நூலையே நாடுவர். வேகமும் சூடும் அதில் மிகுதி என்பதை மறுப்பாரில்லை. எனினும் நாம் பரிந்துரைப்பது இரண்டாவதையே. மீன்வலை பின்னிய பாட்டியும், இரவில் நடந்து வந்த தாயும் அதில்தான் முழு உருவம் பெறுகின்றனர். கணக்கேட்டின் ஒரு வரியாக நின்றுபோக வேண்டிய பெண்மணிகள் இருவரும், எழுதக் கற்ற ஒரு மகனால் நமக்கு அறிமுகமாகின்றனர்.