குடமும் கையெழுத்தும்

செஞ்சிச் சீமையில், பனமலைக் குன்றின் மேல், பல்லவ ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் குடை நிழலில் கால் மடித்து நிற்கும் உமையின் ஓவியம், சிதைந்தது போக மிஞ்சியது, இன்னும் இருக்கிறது. கோயில் கட்டியவன் பெயர் தெரிகிறது. படம் தீட்டியவன் பெயர் தெரியவில்லை. குன்றைச் சுற்றிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்தவர்கள் கதையும் அதுதான்.

பெயரில்லாமல் உழைப்பதே கலையின் உன்னதம் என்று நம்மில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கிராமத்துக் குயவர் விரும்பித் துறவு பூண்டவரல்லர். பொங்கலுக்குப் பானை, கல்யாணத்துக்குக் கரகம், ஐயனாருக்குக் குதிரை என்று அவர் வேலையை ஊர்தான் தீர்மானித்தது. கூலி களத்து நெல்லாக வந்தது. சுமாராக வந்த பானையையும் அவர் கொடுத்தே ஆகவேண்டும்.

தானே தீர்மானித்து வனைகிற குயவர் நமக்குப் புதியவர். டில்லியில் 1952-இல் சர்தார் குர்சரண் சிங் தமது பட்டறையைத் தொடங்கினார். நம் பக்கத்தில், புதுச்சேரியில், 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பித்தார்கள். ஸ்மித் ஜப்பானில் தொழில் கற்றவர். உள்ளூர் ஆட்களைப் பழக்கி, கிண்ணமும் தட்டும் கூஜாவும் செய்வித்தார். மீக்கரிடம் கற்றுப் போனவர்கள் பலர் தனிப் பட்டறை வைத்தார்கள்.

அந்தத் தனிப் பட்டறைக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது? மண்ணைப் பக்குவப்படுத்துவது, வனைவது, நிழலில் காயவைப்பது, ஒருமுறை சுடுவது, கண்ணாடிப் பூச்சில் தோய்ப்பது, 1,300 டிகிரிக்குப் பக்கத்தில் மறுபடி சுடுவது, பிறகு விற்பது: எல்லாம் அவர் தலையில். உலர்கையில் வெடிப்பு விழலாம். பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளலாம். பல வார உழைப்பு ஒரே சூளையில் உட்கார்ந்திருக்கிறது. திறக்கும் வரை அவர் பணக்காரரா கடன்காரரா என்பது அவருக்கே தெரியாது.

மீக்கரின் பெருஞ்சிற்பங்களைக் கண்டு பிரமிக்காமல் இருக்க முடியாது. 1980-களில் அவர் பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். துணிச்சலான யோசனை; ஆனால் நாட்டில் பரவவில்லை. என் ஓட்டு ஸ்மித்தின் கிண்ணங்களுக்குத்தான். சிற்பத்தை ஒருமுறை பார்த்து வியந்துவிட்டுப் போய்விடலாம். தேநீர்க் கூஜாவின் மூக்கு சொட்டுகிறதா, மூடி சரியாக உட்காருகிறதா, பிடி கைக்கு அடங்குகிறதா என்று வீட்டுக்காரி தினம் தினம் பரீட்சை வைக்கிறாள். அவளைவிடக் கறாரான விமர்சகர் கிடையாது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கிண்ணங்களை வனைந்த உள்ளூர்க் கைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நாம் அறிந்தது பட்டறையின் பெயரை மட்டுமே. பனமலை ஓவியன் கதி அவர்களையும் தொடர்கிறது.

கையெழுத்து என்பதைப் பெருமைச் சின்னமாக நான் நினைக்கவில்லை. 'இது சரியாக வரவில்லை' என்று தன் பாண்டத்தைத் தானே உடைத்துப் போடும் உரிமை யாருக்கு இருக்கிறதோ, அவர்தான் கையெழுத்துப் போடத் தகுந்தவர். கிராமக் குயவருக்கு அந்த உரிமை இல்லை. வாராவாரம் தொடர்கதை எழுதுகிறவனுக்கும் பெரும்பாலும் இல்லை. தனிப் பட்டறைக்காரர் அதைச் சம்பாதித்திருக்கிறார்; ஆனால் உடைத்ததற்கான செலவும் அவருடையதே.

'குயவர் தெருவில் சல்லிசாகக் கிடைக்கிற மண்தானே, இவ்வளவு விலையா?' என்று கேட்கிறார்கள். குயவர் தெருவிலும் நாம் நியாயமான விலை கொடுத்ததில்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம். பட்டறைக் கிண்ணத்தின் விலையிலோ, நம் கண்ணில் படாமல் உடைபட்ட கிண்ணங்களின் விலையும் அடக்கம். அதைக் கொடுக்க மனமில்லாத ஊரில் நல்ல பாண்டம் மட்டுமல்ல, நல்ல புத்தகமும் உண்டாகாது.