கற்ற மொழியும் திரைமொழியும்: ரஜினிகாந்தின் தமிழ் குறித்த ஒரு மதிப்பீடு

1. நோக்கம்

திரைப்பட நடிகர்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் வாழ்க்கை வரலாறாகவோ புகழுரையாகவோ அமைந்துவிடுகின்றன. நடிகரின் மொழி தனி ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவது குறைவு. ரஜினிகாந்தைப் பொறுத்தவரை இரு கூற்றுகள் வழங்கி வருகின்றன. அவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர், ஆகவே அவருடைய ஒலிப்பு திருத்தமற்றது என்பது ஒன்று. அத்திருத்தமின்மையே அவருடைய பாணி என்று போற்றுவது மற்றொன்று. குறை கூறுவதும் போற்றுவதும் அவருடைய மொழியைப் பிறப்போடு பிணைத்தே காண்கின்றன. அம்மொழி தமிழ்த் திரை உரையாடல் வரலாற்றின் ஒரு கட்டத்தில் நடிகர், இயக்குநர், உரையாடல் ஆசிரியர் ஆகிய மூவராலும் உருவாக்கப்பட்டது என்பதும், அதன் வெற்றியே பின்னர் அதன் வீச்சைக் குறுக்கியது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. மொழிப் பின்புலம்

சிவாஜி ராவ் கெய்க்வாட் என்னும் இயற்பெயருடைய ரஜினிகாந்த் 1950 டிசம்பர் 12 அன்று பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தொடக்கக் கல்வி கவிபுரத்திலுள்ள அரசுக் கன்னடப் பள்ளியில் அமைந்தது. வீட்டில் மராத்தி, பள்ளியில் கன்னடம், தெருவில் இவற்றோடு தமிழ், தெலுங்கு, தக்கினி உருது என்பது அந்நகரத்தின் மொழிச்சூழல். பெங்களூர்ப் போக்குவரத்துச் சேவையில் நடத்துநராகப் பணியாற்றியபோது இப்பன்மொழிச் சூழலே அவருடைய பணியிடமாயிற்று. 2021-இல் தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றபோது, தம் நடிப்புத் திறனை முதலில் கண்டறிந்தவர் உடன் பணியாற்றிய ஓட்டுநர் நண்பரே என்று அவர் நினைவுகூர்ந்தது குறிப்பிடத்தக்கது.

1973-இல் சென்னைக்குச் சென்று திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் தமிழை முறையாகப் பேசக் கற்றிருக்கவில்லை. அங்கு அவரைக் கண்ட இயக்குநர் கே. பாலசந்தர் தமிழ் பேசக் கற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். ஆகவே அவருடைய தமிழ் இளமையில் இயல்பாக வாய்த்தது அன்று; வளர்ந்தபின் தொழிலின் பொருட்டு முயன்று கற்றது. 1976-இல் கன்னடத்தில் புட்டண்ணா கணகாலின் 'கதா சங்கமா', தெலுங்கில் பாலசந்தரின் 'அந்துலேனி கத' ஆகியவற்றிலும் அவர் நடித்தார். எந்த மொழித் திரையில் அவர் நிலைபெறுவார் என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை.

3. திரை உரையாடலின் மாற்றம்

தமிழைப் புதிதாகக் கற்ற ஒருவர் தமிழ்த் திரையில் முதன்மை நடிகராக உயர்ந்தது எவ்வாறு என்னும் வினாவிற்கு அவருடைய முயற்சி மட்டும் விடையாகாது. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யில் மு. கருணாநிதி எழுதிய நீண்ட அடுக்குத் தொடர்களைச் சிவாஜி கணேசன் பேசிய முறை, ஒரு தலைமுறைக்கு நடிப்பின் அளவுகோலாக விளங்கியது. மேடை நாடகத்திலிருந்து வந்த அம்மரபில் செந்தமிழ் ஒலிப்பு நடிகருக்குரிய அடிப்படைத் தகுதி. அக்காலத்தில் தமிழ் கற்கத் தொடங்கியிருந்த ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்திருத்தல் அரிது.

1970களில் நிலைமை மாறியது. தமிழின் இரட்டை வழக்கில் எழுத்து வழக்கின் பக்கம் சாய்ந்திருந்த திரை உரையாடல் பேச்சு வழக்கின் பக்கம் நகர்ந்தது. தொடர்கள் குறுகின; மௌனமும் சைகையும் உரையாடலின் பணியை ஏற்றன. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற பாண்டியன் என்னும் நோயுற்ற கணவன் வேடம் மிகக் குறைந்த பேச்சினை உடையது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தில் பரட்டை என்னும் ஊர்ப்போக்கிரி ஒரே வினாத்தொடரைத் திரும்பத் திரும்பக் கூறுகிறான். உரையாடல் பி. கலைமணியுடையது. அத்தொடர் நடிகரின் முத்திரையன்று. எதிரில் நிற்பவரை இழிவுபடுத்தி மகிழும் ஒருவனின் பழக்கமே அது. பாத்திரத்தின் இயல்பிலிருந்து பிறந்தமையால்தான் அது மக்கள் வழக்கிலும் பரவியது எனலாம்.

உமாசந்திரனின் புதினத்தைத் தழுவி மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) இக்கட்டத்தின் உச்சம். மின் நிலையத்தில் விஞ்ச் இயக்கும் காளியின் பேச்சு தடைபட்டும் வெடித்தும் வருவது. இறுதியில் தங்கையின் திருமணத்திற்கு இசையும் வேளையிலும் மாப்பிள்ளையைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதை அவன் மறைப்பதில்லை. அன்பும் செருக்கும் ஒரே மூச்சில் வரும் இவ்விடத்தில், சரளமான தமிழ் பேசும் நடிகரைவிடச் சொற்களைத் தேடித் தேடிப் பேசும் குரலே பொருத்தமாக அமைந்தது. குறை என்று கருதப்பட்டது இங்குப் பாத்திரத்தின் உண்மையாயிற்று.

4. முத்திரைத் தொடர்களும் அவற்றின் விலையும்

1990களில் இவ்வுறவு தலைகீழாயிற்று. 'அண்ணாமலை' (1992), 'பாட்ஷா' (1995), 'படையப்பா' (1999) ஆகிய படங்களில் உரையாடல் பாத்திரத்திற்காக அன்றி நடிகருக்காக எழுதப்பட்டது. 'பாட்ஷா'வின் உரையாடலைப் புதின ஆசிரியர் பாலகுமாரன் எழுதினார். அப்படத்தில் ஒருமுறை சொல்வதை நூறுமுறை சொல்வதற்கு ஒப்பிடும் புகழ்பெற்ற தொடரின் அமைப்பு கருதத்தக்கது. '-ஆல்' ஈற்று நிபந்தனை எச்சத்தோடு முதற்பகுதி முடிகிறது. இடையே ஒரு நிறுத்தம். இரண்டாம் பகுதி எண்ணில் தொடங்கி, வினைமுற்று இன்றி 'மாதிரி' என்னும் பேச்சுவழக்குச் சொல்லில் முடிகிறது. நீண்ட தொடர் தேவைப்படுத்தும் மூச்சுக் கட்டுப்பாட்டிற்கு இங்கு வேலையில்லை. விரைந்து பேசி, நிறுத்தி, மீண்டும் விரையும் ஒரு குரலை அறிந்த எழுத்தாளர் அக்குரலுக்கு அளவெடுத்து அமைத்த தொடர் இது. இதனை நடிகரின் தனிப் படைப்பாகக் கொள்வது எழுத்தாளரின் பங்கினை மறைப்பதாகும்.

ஆயின் இவ்வமைப்பு வாய்பாடாக மாறியபோது இழப்பும் நேர்ந்தது. 'கபாலி' (2016) மலேசியத் தமிழரையும், 'காலா' (2018) திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குக் குடியேறியவரையும் முதன்மைப் பாத்திரங்களாகக் கொண்டவை. சுற்றியுள்ள பாத்திரங்கள் வட்டாரச் சாயலோடு பேச, நாயகனின் பேச்சோ பெரிதும் நடிகரின் தனிமொழியாகவே ஒலிக்கிறது. வட்டார வழக்கைத் தனிமொழி விழுங்கிவிட்டது என்பதே இதன் பொருள். பரட்டையையும் காளியையும் வேறுபடுத்திக் காட்டிய நடிகரிடமிருந்து இவ்வேறுபாடு பறிபோனதற்குக் காரணம் அவருடைய பிறப்பு மொழி அன்று. அவரிடமிருந்து மாற்றத்தை விரும்பாத சந்தையே.

5. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்வது

மேற்கூறிய 'பாட்ஷா' தொடரில் 'நூறு' என்னும் எண் நிறுத்தத்தை அடுத்து உடனே வருகிறது. துணைத்தொடரை முன்னும் முதன்மைத்தொடரைப் பின்னும் வைக்கும் தெலுங்கில் இவ்வமைப்பைப் பெரிதும் காக்க இயலும். ஆங்கிலத் துணையுரையில் ஒப்புமைச் சொல் முன்னே வர, எண் தொடரின் இறுதிக்குத் தள்ளப்படுகிறது. பொருள் குன்றுவதில்லை, அடி விழும் இடம் மாறிவிடுகிறது. தெலுங்கு மொழிமாற்றுப் படங்கள் பலவற்றில் அவருக்காகக் குரல் கொடுத்தவர் பாடகர் மனோ என்பதும் எண்ணத்தக்கது. இங்கு மொழிபெயர்க்கப்படுவது சொல்லினும் கால அளவே. 1998-இல் 'முத்து' ஜப்பானியத் துணையுரையுடன் டோக்கியோவில் வரவேற்பைப் பெற்றபோது, பார்வையாளர் பொருளைப் படித்துக்கொண்டு குரலைத் தமிழிலேயே கேட்டனர்.

பெங்களூரின் நிலை இன்னும் தனித்தன்மை வாய்ந்தது. 1960களில் எழுந்த எதிர்ப்பின் விளைவாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் மொழிமாற்றி வெளியிடும் வழக்கம் கர்நாடகத்தில் பல பதிற்றாண்டுகள் நின்றுபோயிருந்தது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் இத்தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதுவரை அந்நகரத்துக் கன்னடரும் மராத்தியரும் தெலுங்கரும் ரஜினிகாந்தின் தமிழ்ப் படங்களைத் தமிழிலேயே கண்டனர். கன்னடப் பள்ளியில் பயின்ற ஒருவர், பிறந்த நகரத்திற்குத் தமிழ்க் குரலாகவே திரும்பி வந்தார்.

6. முடிவுரை

2017 மே மாதத்தில் ரசிகர்களிடையே பேசியபோது, தாம் கர்நாடகத்தில் வாழ்ந்தது 23 ஆண்டுகள், தமிழகத்தில் வாழ்ந்தது 44 ஆண்டுகள் என்று கணக்கிட்டுத் தம்மைப் பச்சைத் தமிழன் என்று ரஜினிகாந்த் கூறிக்கொண்டார். பெரியார் காமராசரைக் குறிக்கப் பயன்படுத்திய இத்தொடரின் பொருள், பிறப்பிலிருந்து வாழ்வுக்கு இங்கு விரிக்கப்படுகிறது. இவ்விரிவை ஏற்பதும் மறுப்பதும் அரசியலைச் சார்ந்தது. மொழியியல் நோக்கில் கூறத்தக்கது வேறு. தாய்மொழி என்னும் அளவுகோல் அவருடைய தமிழின் நிறையையும் விளக்கவில்லை, குறையையும் விளக்கவில்லை. 'முள்ளும் மலரும்' காலத்துச் சிறப்பும் பிற்காலத்துச் சுருக்கமும் ஒரே கற்ற தமிழில் நிகழ்ந்தவை. அத்தமிழுக்கு எழுதியவர் யார், எப்பாத்திரத்திற்காக எழுதினார் என்னும் வினாக்களிலிருந்தே மதிப்பீடு தொடங்குதல் வேண்டும்.