படம் தாண்டிச் சென்ற 14 ஆண்டுகள்

தலைவன் முன் மண்டியிட்டு சாக்கே மதுக் கிண்ணத்தை வாங்கி ஒருவன் அவனுக்கு மகனாகிவிட்டால், யகுசா எனும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களைப் பற்றிய படங்களில் அதன்பிறகு அவனுக்கு இரண்டே வேலைகள்தான்: தலைவனுக்காகச் சிறைக்குப் போவது, இல்லையென்றால் சாவது. மிச்சிஹிட்டோ ஃபுஜி எழுதி இயக்கிய ‘எ ஃபேமிலி’ (2021) இந்தப் பழைய வாய்ப்பாட்டில்தான் தொடங்குகிறது. பாதிக்கு மேல் அதைத் தலைகீழாகப் புரட்டவும் செய்கிறது. அந்தப் புரட்டல்தான் படத்தின் பெருமை. அது எதை மறைத்துக்கொண்டு நடக்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

கதை 1999, 2005, 2019 என மூன்று காலங்களில் நகர்கிறது. புகைபோக்கிகள் நிற்கும் கடலோர நகரம் ஒன்றில், போதைப்பொருளுக்கு அப்பாவைப் பறிகொடுத்த விடலை கெஞ்சி யமாமோட்டோ. சாப்பிடப் போன இடத்தில், ஷிபாசாகி என்ற உள்ளூர்க் கும்பல் தலைவரைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றுகிறான். கேட்பாரற்றுத் திரிந்தவனுக்கு ஒரு தகப்பன் கிடைக்கிறார். 2005-ல் அவனே ஒரு முக்கியப் புள்ளி. கையில் காசு, மனதில் யூகா என்ற பெண். எதிர்க்கும்பலோடு மூண்ட மோதலில் மூத்தவன் ஒருவன் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். கெஞ்சியாக நடித்த கோ அயானோ மூன்று வயதுகளையும் ஒப்பனையைவிடத் தோளாலும் நடையாலுமே காட்டிவிடுகிறார். தலைவராக ஹிரோஷி தாச்சி. தொலைக்காட்சியில் துப்பறியும் போலீஸ்காரராகவே ஜப்பானியர்கள் பல்லாண்டுகள் ரசித்த முகம் அது. அவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது.

14 ஆண்டுகள் கழித்து கெஞ்சி வெளியே வரும்போது படச்சட்டத்தின் அகலமே சுருங்கிவிடுகிறது. குழுவில் எஞ்சியவர்கள் கிழவர்கள். வருமானத்துக்குக் கடலோரத்தில் விலாங்கு மீன் குஞ்சுகளைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். தலைவர் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடக்கிறார். இங்கிருந்து இறுதிவரை படம் செய்வது அபூர்வமான காரியம்: யகுசாவை ஒழித்தது எதிரியின் துப்பாக்கியல்ல, விண்ணப்பப் படிவம்தான் என்று காட்டுகிறது.

யகுசா குழுவில் உறுப்பினராக இருப்பது ஜப்பானில் இன்றும் தனியே ஒரு குற்றமில்லை. 1992-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் குழுக்களைப் பெயர் குறித்துப் பட்டியலிட்டது, கண்காணித்தது. தடை செய்யவில்லை. உண்மையான இறுக்கம் 2010-ல் ஃபுகுவோகாவில் தொடங்கி, 2011 அக்டோபருக்குள் 47 மாகாணங்களுக்கும் பரவிய விலக்கல் விதிகளால் வந்தது. அவற்றின் சாமர்த்தியம், சாட்டையை யகுசாவின் பக்கம் ஓங்காமல் அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பொதுமக்களின் பக்கம் திருப்பியதுதான். வங்கி, வீட்டுக்காரர், தொலைபேசி நிறுவனம், காப்பீட்டுக்காரர் என எல்லோரும் வாடிக்கையாளரிடம் ‘நான் யகுசா அல்ல’ என்று எழுதி வாங்கத் தொடங்கினார்கள். பொய்யாகக் கையெழுத்திட்டால் அது மோசடி. உறுப்பினர் என்பதை மறைத்து கால்ஃப் ஆடியதுகூட வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குழுவிலிருந்து விலகினாலும் ஐந்து ஆண்டுகளுக்கு அவன் யகுசாவாகவே கருதப்படுவான். அந்த ஐந்து ஆண்டுகள் வங்கிக் கணக்கும் கைப்பேசியும் இல்லாமல் எப்படி நேர்மையாகப் பிழைப்பது என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

ஃபுஜி இதைப் பாடமாக நடத்தவில்லை, ஆட்களின் மேல் ஏற்றிக் காட்டுகிறார். கும்பலை விட்டு விலகி, மனைவி குழந்தையோடு கூலி வேலை செய்யும் ஹொசோனோ, பழைய நண்பனைப் பார்க்கவே பயப்படுகிறான். கெஞ்சியும் விலகி, யூகாவோடும் தான் இதுவரை பார்த்திராத மகளோடும் சில நாட்கள் வாழ்ந்து பார்க்கிறான். கூட வேலை செய்யும் பையன் விளையாட்டாக எடுத்த ஒரு புகைப்படம் சமூக ஊடகத்தில் ஏறுகிறது. யூகாவின் நகராட்சி வேலை போகிறது, ஹொசோனோவின் குடும்பம் உடைகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. முதல் இரு பகுதிகளில் சிந்திய ரத்தம் முழுவதும் தராத கலக்கத்தை இந்தப் பகுதி தருகிறது.

ஆனால் சமூகம் ஏன் இப்படிக் கல்லானது? படம் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. நாயகன் 2005-ல் உள்ளே போய் 2019-ல் வெளியே வருவதால் அவனோடு சேர்ந்து நாமும் அந்த ஆண்டுகளைத் தவறவிடுகிறோம். இது திரைக்கதையின் அருமையான உத்தி, அதுவே அதன் கள்ளத்தனமும்கூட. 2007 ஏப்ரலில் நாகசாகி மேயர் இச்சோ இத்தோ தேர்தல் பிரச்சாரத்தின் நடுவே, யாமகுச்சி-குமி என்ற யகுசா அமைப்பின் கிளைக் குழுவைச் சேர்ந்த ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். கெஞ்சி உள்ளே போவதற்கு முன்பே, கித்தாக்கியூஷு நகரில், யகுசாவை உள்ளே விட மறுத்த இரவு விடுதிக்குள் 2003-ல் கையெறிகுண்டு வீசப்பட்டது. அதற்கும் முன்னால் 1992-ல், மிரட்டிப் பணம் பறிப்பவர்களை எதிர்த்து நிற்கலாம் என்று ‘மின்போ’ படத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன இயக்குநர் ஜூசோ இத்தாமியின் முகத்தை, படம் வெளியான சில நாட்களிலேயே கத்தியால் கிழித்தார்கள். விலக்கல் விதிகள் அதிகாரிகளின் வன்மத்தில் மட்டும் முளைத்தவை அல்ல. பயந்து பயந்து அலுத்துப்போன கடைக்காரர்களின் ஒப்புதலும் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் படத்தில் எங்கும் இல்லை. போதைப்பொருள், துரோகம், போலீஸோடு கள்ள உறவு எல்லாம் எதிர்க்கும்பலின் கணக்கில் எழுதப்படுகின்றன. நல்ல காலத்தில் ஷிபாசாகியின் ஆட்கள் எப்படிச் சம்பாதித்தார்கள் என்று ஒரு காட்சியாவது வேண்டாமா?

விசுவாசத்தைப் படம் நடத்தும் விதத்திலும் இதே மழுப்பல்தான். 1960-களில் டோயி நிறுவனத்தின் படங்களில் கென் தகாகுரா, கோஜி சுருதா போன்றவர்கள் கடமைக்கும் மனித நேயத்துக்கும் நடுவே நசுங்கி, கடைசியில் வாளோடு தனியாக நடந்துபோவார்கள். 1973-ல் கிஞ்ஜி ஃபுகாசாகு ‘பேட்டில்ஸ் வித்தவுட் ஹானர் அண்ட் ஹ்யூமானிட்டி’ எடுத்து அந்தக் கனவின் மேல் தண்ணீர் ஊற்றினார். போருக்குப் பிந்தைய ஹிரோஷிமாப் பகுதியின் உண்மையான கும்பல் சண்டைகளிலிருந்து பிறந்த அந்தப் படத்தில், தலைவன் என்பவன் கண்ணீர் விட்டே பிள்ளைகளைப் பலிகொடுக்கும் கஞ்சன். கிண்ணம், உறுதிமொழி, தகப்பன் மகன் உறவு எல்லாமே இளைஞர்களை மலிவாகச் செலவழிக்கும் ஏற்பாடு. இதைப் பார்த்த கண்ணுக்கு ஷிபாசாகி நம்ப முடியாத அளவுக்கு நல்லவராகத் தெரிகிறார். யாரோ செய்த கொலைக்காக மகன் தன் 14 ஆண்டுகளைத் தொலைத்தது குறித்து அவரிடம் வருத்தம் இருக்கிறது. அதனால் லாபமடைந்தது தன் குழுதான் என்ற உறுத்தல் இல்லை. ஃபுகாசாகு உடைத்த சிலையை ஃபுஜி ஒட்டவைத்து, அதற்குப் புற்றுநோயையும் கொடுத்து நம்மை அழச் சொல்கிறார். அழவும் செய்கிறோம், தாச்சி அவ்வளவு நல்ல நடிகர்.

இந்தப் படம் வந்த சில நாட்களுக்குள் மிவா நிஷிகாவாவின் ‘அண்டர் தி ஓப்பன் ஸ்கை’யும் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதிலும் கொலை செய்து சிறை மீண்ட முன்னாள் யகுசா, அதே மூடிய கதவுகள். ஆனால் கோஜி யாகுஷோ நடித்த அந்த மனிதனுக்குள் இருக்கும் வெறி நம்மையும் பயமுறுத்துகிறது. அக்கம்பக்கத்தார் அவனைக் கண்டு ஒதுங்குவதில் நியாயம் இருக்கிறது, கை கொடுக்கும் பல்பொருள் அங்காடிக்காரரிடமும் தயக்கம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கும் அந்தப் படம் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. கெஞ்சியிடம் அப்படி ஒரு ஆபத்து இல்லை. யூகாவுக்கோ இழப்பதைத் தவிர வேறு வேலையே தரப்படவில்லை.

‘எ ஃபேமிலி’ நிஷிகாவாவை முந்தும் இடம் ஒன்று உண்டு: சுபாசா. முன்பொரு மோதலில் செத்த யகுசாவின் மகன், எந்தக் கும்பலிலும் சேராமல், இரவு விடுதிகளில் தன் கூட்டாளிகளோடு புதுவகைத் தொழில் நடத்துகிறான். 1963-ல் சுமார் 1,84,000 பேராக இருந்த யகுசா எண்ணிக்கை 2024 முடிவில் 20,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த இடத்தைப் பிடித்திருப்பவர்களை ஜப்பானியக் காவல்துறை 2023 முதல் பெயரற்ற, நிலையற்ற குற்றக் குழுக்கள் என்று தனியாக வகைப்படுத்துகிறது. அவர்களுக்கு அலுவலகமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. சமூக ஊடகத்தில் விளம்பரம் பார்த்து வரும் இளைஞர்கள், முகம் தெரியாத ஒருவனின் கைப்பேசிக் கட்டளைக்கு வீடு புகுந்து கொள்ளையடிக்கிறார்கள். 2023 ஜனவரியில் டோக்கியோவின் கோமாயே பகுதியில் 90 வயது மூதாட்டி ஒருவர் அப்படித்தான் தன் வீட்டில் கொல்லப்பட்டார். உத்தரவுகள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தன.

இந்த மாற்றத்தை 2021-லேயே மோப்பம் பிடித்த ஃபுஜி, அதன் விளிம்போடு நின்றுவிடுகிறார். பழிவாங்கத் துடிக்கும் சுபாசாவின் கை கறைபடாமல் இருக்க கெஞ்சி முந்திக்கொண்டு அந்தப் பாவத்தையும் சுமக்கிறான். பழைய யகுசாவின் கடைசித் தியாகம் புதியவனைக் காப்பாற்றிவிட்டதாக நாம் நம்ப வேண்டுமாம். சுபாசாவின் தொழில் என்ன, அவனிடம் வேலை பார்க்கும் பையன்கள் யார், அவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார்கள் என்பதையெல்லாம் படம் கேட்கவே இல்லை. கெஞ்சிக்காக இரண்டே கால் மணி நேரம் செலவழித்த இயக்குநர், இவற்றுக்காக இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.